அப்பாயியின் தையல் இயந்திரம்

யட்டவத்த பிரதேசத்தில் இருக்கும் எங்கள் பழைய வீட்டு வாசலில், சென்ற தவக்காலத்தில் ஒரு காலைப்பொழுது, பழைய இரும்பு வாங்கும் வியாபாரி ஒருவர் வந்து நின்றார். திண்ணையோரத்தில் இருந்த கால்மிதித் தையல் இயந்திரத்தைக் கண்டதும் அவருடைய கண்கள் அகன்றன. "இதன் கால் மட்டுமே எத்தனை கிலோ வரும், அம்மா! நல்ல விலை தருகிறேன்" என்றார். என் தாயார் பதிலேதும் கூறவில்லை. இயந்திரத்தின் முன் அமர்ந்து, கைச்சக்கரத்தை ஒருமுறை தட்டிவிட்டு, மிதியை அழுத்தினார். பாதி தைத்திருந்த தலையணை உறையின் விளிம்பில் சீரான தையல் விழுந்தது. வியாபாரி சிரித்துவிட்டார். ஓடுகிற பொருளை இரும்பு விலைக்குக் கேட்பது முறையன்று என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும்.

அவர் வெறுங்கையோடு திரும்பவில்லை. என் தங்கை ஆறு ஆண்டுகளுக்கு முன்னர் வாங்கிய மின்சாரத் தையல் இயந்திரத்தைக் கொண்டு சென்றார். உள்ளே ஒரு பிளாஸ்டிக் பற்சக்கரம் உடைந்துபோனது. அதனைத் தனியாக விற்பதில்லை என்றும், திருத்துவதைவிடப் புதியது வாங்குவதே இலாபம் என்றும் கடையில் சொல்லிவிட்டார்கள். பெரும்பகுதி பிளாஸ்டிக் என்பதால் இரும்பு வியாபாரியும் அதற்கு ஏறக்குறைய ஒன்றும் கொடுக்கவில்லை.

முக்கால் நூற்றாண்டைக் கடந்த ஒன்று வீட்டில் நிற்க, ஆறே வயதான ஒன்று குப்பையாகப் போவது ஏன்? "அந்தக் காலத்துச் சாமான் அப்படி" என்று சொல்லி நாம் அமைதி அடைந்துவிடுகிறோம். அது போதுமான விடை என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தக் காலத்திலும் மட்டமான பொருட்கள் இருந்தன. அவை என்றோ உருகி வேறு உருவம் பெற்றுவிட்டன. நம் கண்ணில் படுபவை தப்பிப் பிழைத்தவை மட்டுமே. ஆகவே அவை எவ்வாறு பிழைத்தன என்றே நாம் கேட்க வேண்டும்.

எங்கள் இயந்திரம் சிங்கர் நிறுவனத்தின் 15-ஆம் வகுப்பைச் சேர்ந்தது. அதன் அடித்தட்டில் இரண்டு ஆங்கில எழுத்துகளோடு ஆறு இலக்கங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அந்த எண்ணைக் கொண்டு தேடியபோது, அது 1949-ஆம் ஆண்டளவில் ஸ்கொட்லாந்தின் கிளைட்பாங்க் நகரில் செய்யப்பட்டது எனத் தெரிந்தது. 1941 மார்ச் மாதத்தில் ஜேர்மன் விமானங்களின் குண்டுவீச்சில் பெருஞ்சேதம் அடைந்த நகரம் அது. தொழிற்சாலையின் மரக்களஞ்சியமும் அப்போது எரிந்தது. அத்தொழிற்சாலை 1980-இல் மூடப்பட்டுவிட்டது. அதன் தொழிலாளர்களுக்காக அமைந்த புகையிரத நிலையம் மட்டும் இன்றும் 'சிங்கர்' என்ற பெயரோடு இருக்கிறது. இலங்கைக்கு இந்நிறுவனம் 1877-லேயே வந்து, கொழும்பு புறக்கோட்டையில் கடை திறந்தது. இயந்திரங்களை ஐயத்தோடு நோக்கிய காந்தியடிகளும் 1924-இல் சிங்கர் தையல் இயந்திரத்தை விதிவிலக்காக ஏற்றுக்கொண்டார் என்பதை இவ்விடத்தில் நினைவுகூரலாம்.

தோட்டத்து லயத்தில் வாழ்ந்த என் அப்பாயி அதனைத் தவணை முறையில் வாங்கினார். ஒவ்வொரு சம்பள நாளிலும் ஒரு சிறு தொகை. அத்தவணை அட்டையை அவர் திருவிவிலியத்துக்குள் வைத்திருந்தார். திருமுழுக்குச் சான்றிதழுக்கு அடுத்தபடியாக அவருடைய பெயர் எழுதப்பட்டிருந்த தாள் அதுவொன்றே. 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியிருந்த காலம் அது. நாடு தன்னை ஏற்காத நிலையிலும், தவணை தவறமாட்டார் என்று ஒரு கடை தன்னை நம்பியதை அவர் பெருமையோடு சொல்வார். 1964-இன் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பின்னர் அவருடைய தங்கை குடும்பத்தார் தகரப்பெட்டிகளோடு தலைமன்னார் சென்று கப்பலேறினார்கள். இயந்திரத்தை எடுத்துச்செல்லும்படி அப்பாயி வற்புறுத்தினாராம். "உன் பிள்ளைகள் ஐந்து பேர், இங்கேயே இருக்கட்டும், அக்கா" என்று அந்தச் சின்ன அப்பாயி மறுத்துவிட்டார். இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் 2003-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டம் வந்தபோது என் அப்பாயி உயிரோடு இல்லை.

இனி, அது ஏன் இன்னும் ஓடுகிறது என்ற கேள்விக்கு வருவோம். அதன் உடல் வார்ப்பிரும்பு என்பது ஒரு காரணமே. முதன்மையான காரணம் அதுவன்று. அதில் மூடி ஒட்டப்பட்ட இடம் எதுவும் கிடையாது. ஒரு திருப்புளி இருந்தால் முழுவதையும் கழற்றலாம், கழற்றிய வழியே மீண்டும் பூட்டலாம். பொபினும் பொபின் கேசும் கையோடு வெளியே வரும். தோல் பெல்ட் அறுந்தால் வெட்டி, கம்பிக் கொளுவியால் இணைக்கலாம். ஊசி முறிந்தால், 15×1 என்று உறையில் அச்சிட்ட ஊசியை இன்று மாத்தளை நகரில் வாங்கிப் பொருத்தலாம். வீட்டு உபயோகத் தையல் இயந்திரங்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்றைக்கும் அதே ஊசிதான். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் ஜப்பானிய உற்பத்தியாளர்கள் இந்த 15-ஆம் வகுப்பின் அமைப்பையே பொது அளவாகக் கொண்டார்கள். இந்தியாவிலும் சீனாவிலும் அதே அமைப்பில் இயந்திரங்கள் செய்யப்பட்டன. ஆதலால் செய்த தொழிற்சாலை மூடப்பட்டு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் உதிரிப்பாகம் கிடைக்கிறது. ஒரு பொருளின் ஆயுள் அதன் உறுதியில் மட்டுமன்றி, அடுத்த கடையில் தொங்கும் ஊசிப் பொட்டலத்திலும் இருக்கிறது.

மற்றொரு காரணம் எண்ணெய். இங்கே நம் குடும்பங்களில் பரவலாக நடக்கும் ஒரு தவற்றைச் சொல்லியாக வேண்டும். கைக்கு எட்டுவதைக் கொண்டு காரியம் பார்ப்பது நமது இயல்பு. ஆகவே தேங்காய் எண்ணெயை விட்டுவிடுகிறோம். முதல் வாரம் நன்றாக ஓடும். பின்னர் அது பிசினாகிப் பஞ்சுத் தூசியைப் பிடித்துக்கொள்ளும், மிதி கனக்கும், "இயந்திரம் பழுதாகிவிட்டது" என்று மூலையில் வைத்துவிடுவோம். அது பெரும்பாலும் பழுதன்று. துளைகளில் சில சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, நூல் கோக்காமல் ஓட்டி, கறுத்து வடிவதைத் துணியால் துடைத்துவிட்டு, அதற்குரிய மெஷின் எண்ணெயை ஒவ்வொரு துளைக்கும் ஒரு சொட்டு வீதம் விட்டால் பல இயந்திரங்கள் உயிர்பெறும். (விளக்கையோ அடுப்பையோ அருகில் வைத்துக்கொண்டு இதனைச் செய்யாதீர்கள்.) அப்பாயி சனிக்கிழமை மாலையில் செபமாலைக்கு முன்னர் எண்ணெய் விடுவார். ஞாயிறன்று அதற்கும் ஓய்வு என்பார்.

1983 ஜூலையில் மாத்தளை நகரில் தமிழர் கடைகள் எரிந்தபோது எங்கள் குடும்பம் வீட்டை விட்டு வெளியேறிற்று. கையில் எடுக்கக்கூடியவற்றைத்தான் எடுக்க முடிந்தது. பக்கத்து வளவில் இருந்த சிங்களத் தாயொருவர் தம்முடைய மகனோடு இரவில் வந்து, இயந்திரத்தைத் தூக்கிச் சென்று, தம் வீட்டு நெல் மூட்டைகளுக்குப் பின்னால் வைத்திருந்தார். நாங்கள் சில மாதங்களின் பின் திரும்பிய அன்று அதனைத் திரும்பக் கொணர்ந்தார். அப்பாயி மிதித்துப் பார்த்தார். முன்னையிலும் இலேசாக ஓடியது. பெல்ட் புதியது. "சும்மா கிடந்தால் துருப்பிடிக்கும் அல்லவா, அக்கே? அதனால் நானும் கொஞ்சம் தைத்தேன்" என்று அந்தத் தாய் கூச்சத்தோடு சொன்னாராம். அவ்விருவரும் அதற்குமேல் அந்த நாட்களைப் பற்றிப் பேசியதாக நான் அறியேன். ஆனால் அந்த வீட்டின் மூத்த பேத்தியினுடைய பள்ளிச் சீருடை, அவள் பள்ளி முடிக்கும்வரை எங்கள் வீட்டிலேயே தைக்கப்பட்டது.

இணைச்சட்ட நூலின் எட்டாம் அதிகாரத்தில், பாலைநிலத்தில் நாற்பது ஆண்டுகள் நடந்த மக்களின் ஆடைகள் கிழிந்துபோகவில்லை என்பதை மோசே நினைவூட்டுகிறார். மன்னாவைப் பற்றிய மறையுரைகளை நிறையக் கேட்டிருக்கிறோம். இந்த ஆடைகளைப் பற்றி அதிகம் கேட்டதில்லை. கடவுள் செய்த அருஞ்செயலாகவே அதனை நாம் ஏற்கிறோம். எனினும் அத்தனை பெரிய கூட்டத்தில், முள்ளில் மாட்டிய ஓரத்தை ஊசி கொண்டு மடித்துத் தைத்த தாய்மார் ஒருவரும் இல்லாமலா போயிருப்பர் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. திருத்தூதர் பணிகள் ஒன்பதாம் அதிகாரத்தில் யோப்பா நகரத்துத் தபித்தா இறந்தபோது, கைம்பெண்கள் பேதுருவிடம் எடுத்துக் காட்டியதும் அவர் செய்துகொடுத்த ஆடைகளைத்தான். புகழுரை எதுவும் அங்கே தேவைப்படவில்லை.

பொருட்கள் விரைவில் பழுதாவது எப்போதும் தற்செயலன்று. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து லிவர்மோர் நகரின் தீயணைப்பு நிலையம் ஒன்றில், 1901-ஆம் ஆண்டு முதல் ஒளிரும் மின்குமிழ் ஒன்று இருக்கிறது. அத்தகைய குமிழ்களை அறிந்திருந்த உலகில்தான், 1924-இல் பெரும் மின்குமிழ் நிறுவனங்கள் ஜெனீவாவில் கூடி 'ஃபீபஸ்' என்னும் கூட்டமைப்பை ஏற்படுத்தி, ஒரு குமிழின் ஆயுளை 1,000 மணித்தியாலங்களாகக் குறைத்துக்கொண்டன. அதைவிட நீண்ட நாள் எரியும் குமிழைச் செய்த உறுப்பு நிறுவனத்துக்குத் தண்டப்பணம் விதிக்கப்பட்டது. நீடித்த லிவர்மோர் குமிழ் மங்கலாகவே எரிகிறது என்பதையும், ஆயுள் கூடினால் ஒளி குறையும் என்று அந்நிறுவனங்கள் வாதிட்டதையும் நேர்மைக்காகச் சொல்லிவிடுகிறேன். ஆயினும் நன்றாகச் செய்தவனுக்குத் தண்டம் விதித்த செயலுக்கு அந்த வாதம் ஈடாகாது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடலில் எறிந்துவிடும் பண்பாட்டைக் கண்டித்தார். பொருட்களை எறியும் பழக்கமும் மனிதரைப் புறந்தள்ளும் பழக்கமும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பது அவருடைய கருத்து. 2024-இல் ஐரோப்பிய ஒன்றியம், சலவை இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி, கைத்தொலைபேசி போன்றவற்றைத் திருத்திக்கொடுக்கும் கடமையை உற்பத்தியாளர்மீது சுமத்தும் சட்டநெறி ஒன்றை நிறைவேற்றியது. நம் நாட்டில் அந்தக் கடமையை இதுவரை சுமந்திருப்போர் தெருமுனைத் திருத்துநர்களே.

பழையது அனைத்தையும் கட்டிக்காக்க வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. துணி சுற்றிய பழைய மின்கம்பி, ரப்பர் குழாய் வெடித்த எரிவாயு அடுப்பு, மின்சாரத்தை விழுங்கும் பழைய குளிர்சாதனப் பெட்டி இவற்றை வைத்திருப்பது சிக்கனமும் அன்று, பக்தியும் அன்று. எங்கள் வீட்டின் பழைய மின் அழுத்தி ஒருமுறை என் தந்தையாரின் கையைச் சுட்டது. அன்றே அதற்கு விடைகொடுத்தோம்.

ஆனால் 2022-ஆம் ஆண்டை எந்தக் குடும்பம் மறக்கும்? மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலங்கள் மின்வெட்டு. மின்சார இயந்திரம் வைத்திருந்த அயலவர்கள் துணியோடு எங்கள் திண்ணைக்கு வந்தார்கள். தந்தையின் பழைய கால்சட்டை மகனுக்குக் குறுங்கால்சட்டை ஆயிற்று. முதல் நன்மைக்கு ஆயத்தமான மூன்று சிறுமியரின் வெள்ளை உடைகள், வேறு சட்டைகளிலிருந்து பிரித்தெடுத்த லேசோடு, மெழுகுவர்த்தி ஒளியில் தைக்கப்பட்டன. என் தாயாருக்குக் காலில் வீக்கம் உண்டு. ஆகையால் வந்தவர்களே முறைவைத்து மிதித்தார்கள். இரவில் மிதித்து மிதித்தே அப்பாயியின் முழங்கால் தேய்ந்தது என்பதையும் நான் மறைக்கக்கூடாது. இயந்திரம் தேயாமல் இருந்ததற்கு ஒரு பெண் தேய்ந்தாள்.

இப்போது எங்கள் கவலை வேறு. மாத்தளையிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை வந்து இயந்திரத்தைப் பார்க்கும் பெரியவருக்குக் கண் மங்கிவிட்டது. அவருடைய பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். கடந்த முறை வந்தபோது, "இது என்னைவிட நெடுநாள் இருக்கும், அம்மா. கையை வைத்துப் பார்க்கத்தான் ஆள் இருக்காது" என்றார். தாயார் சிறிது நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, பதினான்கு வயதான என் மகளைக் கூப்பிட்டு, அவர் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

பெரியவர் இருபகலும் தங்கி, ஊசித்தட்டைத் திறக்கவும், பொபின் கேசின் சிறு திருகாணியை எவ்வளவு இறுக்கினால் அடிநூல் சரியாக வரும் என்பதை விரலால் உணரவும் அவளுக்குக் கற்றுக்கொடுத்தார். பொபின் கேசை நூலில் தொங்கவிட்டு இலேசாக அசைத்தால் அது சிறிது இறங்கி நிற்க வேண்டும். விறுவிறுவென்று ஓடினால் தளர்வு, அசையாமல் நின்றால் இறுக்கம். மூன்றாம் முயற்சியில் அவளுக்கு அது கைவந்தது. கூலியாகத் தாயார் கொடுத்த பணத்தில் பாதியை அவர் திருப்பிக் கொடுத்து, மாணவி வைத்திருக்கட்டும், ஊசி வாங்க உதவும் என்றார்.

இயந்திரத்தின் இழுப்பறையில், அப்பாயியின் தவணை அட்டைக்கு மேல், இப்போது ஒரு பள்ளிக் கொப்பி கிடக்கிறது. எண்ணெய்த் துளைகள் எல்லாவற்றையும் அதில் மகள் படமாக வரைந்து எண்ணிட்டிருக்கிறாள். அதில் ஒரு துளை விடுபட்டிருக்கிறது. அது எங்கே என்று தாயாருக்குத் தெரியும். அவளே கண்டுபிடிக்கட்டும் என்று இன்னும் சொல்லாமல் இருக்கிறார்.