இலகு வீல் வாங்கும் முன்: தராசில் வையுங்கள், பின்பக்கத்தைப் படியுங்கள்

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையின் கார் உதிரிபாகக் கடைகளில் அலாய் வீல்கள் சுவர் முழுக்க மாட்டப்பட்டிருக்கும். வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் டிசைன், நிறம், இன்ச் மூன்றையும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். எடையை யாரும் கேட்பதில்லை. அலாய் என்றாலே லேசானது, மைலேஜ் கூடும், பிக்கப் ஏறும் என்ற நம்பிக்கைதான் காரணம். அந்த நம்பிக்கை பாதிதான் சரி.

அலுமினியத்தின் அடர்த்தி இரும்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதன் விறைப்பும் அப்படியே மூன்றில் ஒரு பங்குதான். அதனால் அலாய் வீலை இரும்பு ரிம்மைவிடத் தடிமனாக வார்க்க வேண்டியிருக்கிறது. மலிவான வார்ப்பு அலாய் ஒன்று அதே அளவுள்ள இரும்பு ரிம்மின் எடைக்கே வந்து நிற்பதும், சில சமயம் அதைத் தாண்டுவதும் உண்டு.

எடை குறைந்தால் என்ன லாபம்?

வீல், டயர், பிரேக் ஆகியவற்றின் எடையை ஸ்பிரிங் தாங்குவதில்லை. அவை ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பவை. பள்ளத்தில் இறங்கி ஏறும் வீலை அடக்கி மறுபடி தரையோடு சேர்ப்பது ஸ்பிரிங், ஷாக் அப்சார்பரின் வேலை. வீல் லேசாக இருந்தால் அந்த வேலை எளிது. டயர் தரையை விட்டு எழும்புவது குறைகிறது. கரடுமுரடான சாலையில் பிரேக் பிடிக்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் பிடிமானம் கூடுகிறது. உண்மையான லாபம் இதுதான்.

பிக்கப் கணக்கு வேறு. வீல் முன்னே நகர்வதோடு சுழலவும் வேண்டும். ஆகவே அதன் விளிம்பில் உள்ள 1 கிலோ, வேகமெடுக்கும்போது சீட்டில் வைத்த 2 கிலோவுக்குச் சமம். அதற்கு மேல் போகாது. வீலில் 1 கிலோ குறைத்தால் வண்டியில் 10 கிலோ குறைத்த மாதிரி என்று சொல்வதற்கு இயற்பியலில் இடமில்லை. நான்கு வீலிலும் தலா 2 கிலோ குறைத்தால், அதிகபட்சம் 16 கிலோ சுமையை இறக்கிய பலன் கிடைக்கும். ஓட்டுநரோடு சேர்த்து 1,000 கிலோ வரும் சிறிய காரில் அது 1.6 சதவீதம். நின்று நின்று போகும் நகர ஓட்டத்தில் கொஞ்சம் உதவும். நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓட்டும்போது மைலேஜில் தெரியாது.

இன்ச் ஏறினால் லாபம் கரையும்

மாருதி ஸ்விஃப்ட் காரை எடுத்துக்கொள்வோம். கீழ்நிலை வேரியன்ட்டில் 165/80 ஆர்14 டயர்; மேல்நிலையில் 185/65 ஆர்15. இரண்டின் மொத்த விட்டமும் சுமார் 620 மி.மீ. வெளிச்சந்தையில் 16 இன்ச் ரிம் வாங்கி 195/55 டயர் போட்டாலும் விட்டம் அதே 620தான். மாறுவது டயரின் பக்கச்சுவர் உயரம்: 14 இன்ச்சில் 132 மி.மீ., 15 இன்ச்சில் 120, 16 இன்ச்சில் 107.

அந்த ரப்பர் சுவர்தான் பள்ளத்தின் அடியை முதலில் வாங்குகிறது. அது குறையக் குறைய அடி ரிம்மில் விழும். இரும்பு ரிம் பெண்டானால் தட்டி நிமிர்த்தலாம். அலாய் விரிசல் விட்டால் மாற்றுவதே பாதுகாப்பு. இன்ச் ஏறும்போது உலோகமும் மையத்தை விட்டு விலகி வெளியே போகிறது. லேசான ரிம்மால் மிச்சமானதை இது தின்றுவிடும். டயரின் எடையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அது ரிம்முக்கும் வெளியே சுழல்கிறது.

எப்படிக் குறைந்தது எடை?

மூன்று தயாரிப்பு முறைகள் உண்டு. உருக்கிய அலுமினியத்தை அச்சில் வார்ப்பது முதல் முறை. விலை குறைவு, எடை அதிகம். ஃப்ளோ ஃபார்மிங் அடுத்தது: வார்த்த வீலைச் சூடாக்கிச் சுழலவிட்டு, சப்பாத்தி தேய்ப்பதுபோல உருளைகளால் அதன் சுற்றுப் பகுதியை அழுத்தி நீட்டுகிறார்கள். உலோகம் இறுகுவதால் மெலிதாக இருந்தாலும் வலு குறையாது. மூன்றாவது ஃபோர்ஜிங்: முழு அலுமினியக் கட்டியைப் பல ஆயிரம் டன் அழுத்தத்தில் வடிவமைப்பது. இருப்பதில் லேசானதும் உறுதியானதும் இதுவே, விலையும் உச்சம்.

ஃப்ளோ ஃபார்மிங்கோ ஃபோர்ஜிங்கோ செய்யாமல், பெயர்பெற்ற டிசைனை நகலெடுத்து உலோகத்தை மட்டும் குறைத்த வீலும் சந்தையில் கிடைக்கும். லேசானது என்பதற்காக அதை வாங்கவே கூடாது.

பின்பக்க எழுத்துகள்

வீலைத் திருப்பிப் பாருங்கள். ‘15×6ஜே’ என்பது விட்டமும் அகலமும். ‘4×100’ என்றால் நான்கு நட்டு, 100 மி.மீ. வட்டம். ‘ஈ.டி.45’ என்பது ஆஃப்செட்: ஹப்பில் பொருந்தும் முகம், வீலின் நடுக்கோட்டிலிருந்து 45 மி.மீ. வெளிப்புறம் தள்ளியிருக்கிறது. இந்த எண் கம்பெனி வீலின் எண்ணைவிட மிகவும் குறைந்தால் டயர் வெளியே துருத்தும், வீல் பேரிங்கில் சுமை கூடும்.

அடுத்து, அதிகபட்சச் சுமை. முழுச் சுமையில் எந்த அச்சின் எடை கூடுதலோ, அதில் பாதிக்கு இது குறையக் கூடாது. ‘ஜே.டபிள்யூ.எல்.’ என்பது ஜப்பானியத் தரத்துக்கு உட்பட்டதாகத் தயாரிப்பாளரே தரும் உறுதி. ‘வி.ஐ.ஏ.’ இருந்தால் தனி அமைப்பு சோதித்துப் பதிவு செய்தது. இந்தியத் தயாரிப்பில் ஐ.எஸ்.ஐ. முத்திரையைத் தேடுங்கள். எந்த எழுத்தும் இல்லாத வீலை அங்கேயே வைத்துவிடுங்கள். லக்கேஜ் எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்றைக் கையோடு கொண்டுபோனால், பழைய ரிம்மையும் புதியதையும் டயர் இல்லாமல் தொங்கவிட்டு ஒப்பிடலாம்.

மாட்டும்போது

வீலின் நடுத்துளை ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால் சென்டர் ரிங் போட வேண்டும். இல்லையென்றால் ஸ்டியரிங் அதிரும். நட்டின் அடிப்பகுதியும் பொருந்த வேண்டும். ஹோண்டாவின் கம்பெனி நட்டுகளுக்கு உருண்டை அடி. வெளிச்சந்தை அலாய்களில் பெரும்பாலும் கூம்பு அடி. மாற்றிப் போட்டால் முறுக்கியது போலத் தெரியும், ஓட்டத்தில் தளரும். ஸ்டெப்னி இரும்பு ரிம் என்றால் அதற்கான பழைய நட்டுகளை வண்டியிலேயே வையுங்கள். முதல் 100 கி.மீ.க்குள் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி முறுக்குங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் சொல்லி பாலிசியில் சேர்த்துவிடுங்கள்.

ஃப்ளோ ஃபார்மிங் வீலுக்குப் பணம் எட்டவில்லையென்றால், உங்கள் காரின் மேல்நிலை வேரியன்ட்டுக்குக் கம்பெனி கொடுக்கும் வீலையே வாங்குங்கள். அது அந்தக் காரின் எடைக்கும் சஸ்பென்ஷனுக்கும் என்றே சோதிக்கப்பட்டது. மிச்சமாகும் பணத்தில் நல்ல டயர் போடுங்கள். பிடிமானத்தில் அது தரும் முன்னேற்றம் 2 கிலோ எடைக் குறைப்பைவிடப் பெரிது.