கோடைக்குப் பழக் கலவை: வீட்டிலும் விசேஷத்திலும்



சென்ற கோடை விடுமுறையில் நம் பிள்ளைகளுக்கு நடந்த தீனிய்யாத் வகுப்பின் கடைசி நாளில், அறக்கட்டளை சார்பில் எல்லோருக்கும் பழக் கலவை கொடுத்தோம். அன்றிரவே ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ், இரண்டு நாளில் எல்லோரும் தேறிவிட்டார்கள். ஆனால் அன்றிரவு ஒரு தாய் போன் செய்து, "அண்ணா, பிள்ளைக்கு என்ன கொடுத்தீங்க?" என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் உட்கார்ந்து விசாரித்தோம். பழங்கள் நல்ல பழங்கள்தான். தவறு எங்களுடையது. காலை ஏழு மணிக்கே நறுக்கி அண்டாவில் போட்டுவிட்டு, லுஹர் தொழுகைக்குப் பிறகுதான் பரிமாறினோம். போதாக்குறைக்கு, குளிர்ச்சிக்காகக் கட்டி ஐஸை உடைத்துப் பழத்தோடு கலந்தோம். அது எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று எவரும் கேட்கவில்லை. பிள்ளைகளின் வயிறு நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். இந்த ஆண்டும் பழக் கலவை உண்டு, இன்ஷா அல்லாஹ். அதற்கு முன் நாங்கள் கற்றுக்கொண்டதை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

எந்தப் பழம் வாங்குவது?

பழக் கலவை என்றதும் ஆப்பிளும் திராட்சையும்தான் பலருக்கு நினைவு வருகிறது. நம் பக்கத்துப் பழங்களே போதும். மேட்டுப்பாளையம் சுற்றுவட்டாரத்தில் விளையும் கதலி, பூவன், நேந்திரன் இருக்கின்றன. பப்பாளி, கொய்யா, சப்போட்டா, முலாம்பழம், தர்பூசணி எல்லாம் கோடையில் கிடைக்கின்றன. நுங்கு கிடைத்தால் அதையும் சேர்க்கலாம். 1900ல் தொடங்கிய கல்லாறு அரசுப் பழப்பண்ணை நமக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதே நம் மண்ணும் மழையும் பழத்துக்கு ஏற்றவை என்பதற்குச் சாட்சி.

மாம்பழத்தில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். கால்சியம் கார்பைடு கல்லை வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது. அந்தக் கல்லில் ஆர்செனிக், பாஸ்பரஸ் கலப்பு இருக்கலாம் என்பதே காரணம். எத்திலீன் வாயுவைக் குறிப்பிட்ட அளவுக்குள் பயன்படுத்த அனுமதி உண்டு. பழம் தானாகப் பழுக்கும்போது வெளியிடுவதும் அதே வாயுதான். தோல் முழுவதும் ஒரே மஞ்சளாக இருந்து, வாசனை இல்லாமல், உள்ளே புளிப்பாக இருந்தால் சந்தேகப்படுங்கள். நல்ல வழி, முற்றிய காயாக வாங்கி வீட்டிலேயே பழுக்க வைப்பது. காகிதத்தில் சுற்றி, பழுத்த வாழைப்பழம் ஒன்றைக் கூட வைத்து, அரிசி டிரம்மில் போட்டால் சில நாளில் பழுத்துவிடும். கடையில் முறைகேடு தெரிந்தால் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்குப் புகார் அனுப்பலாம்.

அதே நேரம், வதந்திக்கு இடம் கொடுக்க வேண்டாம். 2025 கோடையில், தர்பூசணிக்குள் ஊசியால் சாயம் ஏற்றுகிறார்கள் என்று பரவிய பேச்சால் விலை விழுந்து, விவசாயிகள் பெரிய நஷ்டம் அடைந்தார்கள். செய்தி வந்தால் தீர விசாரிக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே அடுத்தவருக்குத் தள்ளிவிடுவது நமக்கு அழகல்ல.

ஐந்து பேருக்குச் செய்யும் முறை

பப்பாளி 2 கப், முலாம்பழம் 2 கப், தர்பூசணி 2 கப், கொய்யா 1, வாழைப்பழம் 2, மாதுளை முத்து அரை கப், பேரீச்சம்பழம் 5, எலுமிச்சை பாதி.

தோலோடு இருக்கும்போதே பழங்களை ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். தர்பூசணி, முலாம்பழத்தின் தோலைத்தான் சாப்பிடுவதில்லையே என்று விட்டுவிடக் கூடாது. தோலில் இருக்கும் அழுக்கைக் கத்தி உள்ளே கொண்டுபோய்விடும். கறி, மீன் வெட்டும் பலகையிலும் கத்தியிலும் பழம் நறுக்க வேண்டாம்.

கொய்யா, பப்பாளி, முலாம்பழத்தை முதலில் நறுக்குங்கள். வாழைப்பழத்தை நறுக்கியவுடன் எலுமிச்சைச் சாறு பிசிறினால் கறுக்காது. தர்பூசணி தண்ணீர் விடும் என்பதால் கடைசியில் சேருங்கள். உப்பும் மிளகுத்தூளும் பரிமாறும்போதுதான். முன்பே போட்டால் பழம் சாறு விட்டுத் துவண்டுவிடும். பால், தயிர், கஸ்டர்டு சேர்ப்பதாக இருந்தால் பச்சை அன்னாசியையும் பப்பாளியையும் தவிர்த்துவிடுங்கள். அவற்றில் உள்ள நொதிகள் பாலின் புரதத்தைச் சிதைத்துக் கசப்பாக்கிவிடும்.

சர்க்கரை தேவையே இல்லை. நபி (ஸல்) அவர்கள் தர்பூசணியைப் பேரீச்சம்பழத்தோடு சேர்த்து உண்டதாகவும், ஒன்றின் சூட்டை மற்றதன் குளிர்ச்சி தணிக்கும் என்று சொன்னதாகவும் அபூதாவூதில் வருகிறது. பேரீச்சம்பழத்தைப் பொடியாக நறுக்கிப் போட்டாலே இனிப்பு போதும்.

நூறு பேருக்குச் செய்யும்போது

ஆளுக்கு 150 கிராம் என்றால் நறுக்கிய பழம் 15 கிலோ வேண்டும். தோல், விதை கழிவதால் 23 முதல் 25 கிலோ வரை வாங்க வேண்டியிருக்கும். முந்தின நாளே வாங்கி, முழுப் பழமாகக் கழுவித் துடைத்து வையுங்கள், நறுக்காதீர்கள். நறுக்கிய பழம் வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் கணக்கு. நம் ஊர் ஏப்ரல், மே மதிய வெயிலுக்கு அந்த ஒரு மணி நேரத்தையே வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே பத்துப் பேர் சேர்ந்து, பரிமாறும் நேரத்தை ஒட்டி, இரண்டு தவணையாக நறுக்குவதே சரி.

ஐஸ் வேண்டுமானால் பெரிய அண்டாவில் ஐஸைப் போட்டு, அதற்குள் பழப் பாத்திரத்தை மூடி வையுங்கள். பழத்துக்குள் ஐஸ் போகக் கூடாது. மீனுக்கும் மற்றப் பொருள்களைக் குளிர வைப்பதற்கும் உள்ள ஐஸில் நீல நிறம் கலந்திருக்க வேண்டும் என்று 2018லேயே உத்தரவு உண்டு. ஆனால் நிறமில்லாத ஐஸ் எல்லாமே குடிநீரில் செய்ததுதான் என்று நம்பிவிட முடியாது.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

சர்க்கரை நோய் உள்ளவர்கள் கொய்யா, பப்பாளி அதிகமாகவும், மாம்பழம், வாழைப்பழம், பேரீச்சம்பழம் குறைவாகவும் எடுத்து, ஒரு சிறு கிண்ணத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். சிறுநீரக நோயாளிகள் மருத்துவரிடம் கேட்ட பிறகே சாப்பிட வேண்டும். வாழைப்பழம், முலாம்பழம் போன்றவற்றில் பொட்டாசியம் அதிகம். சிறு பிள்ளைகளுக்குத் திராட்சையை முழுசாகக் கொடுக்காமல் நீளவாக்கில் நறுக்கிக் கொடுங்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் தொட்டு வைப்பதும் ஆபத்து.

இவ்வளவுக்குப் பிறகும் வயிற்றுப்போக்கு வந்துவிட்டால், முதலில் ஓஆர்எஸ் கொடுங்கள். பாக்கெட் இல்லையென்றால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் மட்டமாக 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். மலத்தில் ரத்தம், கண் குழிவிழுதல், சிறுநீர் வராமல் இருத்தல், பிள்ளை துவண்டு கிடத்தல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அவசரத்துக்கு 108.

இந்தக் கோடையில் வகுப்பு முடியும் நாளில் பழம் நறுக்க ஆள் வேண்டும். காலையில் அல்ல, லுஹருக்கு ஒரு மணி நேரம் முன்பு. வர முடிந்த சகோதர, சகோதரிகள் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். கத்தியும் பலகையும் வீட்டிலிருந்து கழுவி எடுத்து வாருங்கள். மீதமாகும் தோலை வீணாக்காமல் ஆடு வளர்ப்பவர்களுக்குக் கொடுத்துவிடலாம். சென்ற ஆண்டு என்னிடம் கேள்வி கேட்ட அந்தத் தாயும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்திருக்கிறார். அல்லாஹ் அவருக்கு நற்கூலி வழங்குவானாக.

வஸ்ஸலாம்,
செயலாளர்