சிறிய விமானத்திலிருந்து சரக்கு விமானத்துக்கு: வேலை மாறும் முன் வீட்டில் பேச வேண்டியவை

நெல்லை மக்களுக்கு அருகிலுள்ள விமான நிலையம், தூத்துக்குடி செல்லும் வழியில் வாகைக்குளத்தில் இருக்கிறது. அங்கே ஓடுதளம் பல ஆண்டுகள் 1,350 மீட்டராகவே இருந்ததால், ஏடிஆர் போன்ற சிறிய விமானங்கள்தான் வந்து போயின. இப்போது ஓடுதளம் 3,115 மீட்டராக நீட்டப்பட்டு, 2025 ஜூலை 26 அன்று புதிய முனையமும் திறக்கப்பட்டது.

மேலப்பாளையம், ஏர்வாடி, காயல்பட்டினம் என நம் ஊர்களிலிருந்து இதுவரை பயணிகளாகவே அதிகம் பறந்திருக்கிறோம். விமானி இருக்கையில் அமரும் பிள்ளைகளும் இனி வருவார்கள், இன்ஷா அல்லாஹ். உள்நாட்டில் ஏடிஆர் ஓட்டும் ஒரு பிள்ளை, "வாப்பா, வெளிநாட்டுச் சரக்கு விமானத்துக்குப் போகலாமென்று இருக்கிறேன்" என்றால் நாம் என்ன கேட்க வேண்டும்? சம்பளம் எவ்வளவு என்பதை மட்டும் கேட்டால் போதாது.

வேலை எப்படி மாறுகிறது?

ஏடிஆர் 72 ஏறக்குறைய 70 பேரை ஏற்றிக்கொண்டு ஒன்று, ஒன்றரை மணி நேரம் பறக்கும். ஒரே நாளில் பலமுறை ஏறி இறங்க வேண்டும். போயிங் 777 சரக்கு விமானமோ 100 டன்னுக்கு மேல் சுமந்து, கண்டம் விட்டுக் கண்டம் போகும். நீண்ட பயணங்களில் மூன்று, நான்கு விமானிகள் முறை வைத்து ஓய்வெடுப்பார்கள். ஏடிஆரில் கேப்டனாக இருந்தவர் இங்கே துணை விமானியாகச் சேர வேண்டி வரலாம். அதைத் தாழ்வாக நினைக்கத் தேவையில்லை.

கேப்டன் ஆவதற்கு வேண்டிய ஏடிபிஎல் உரிமத்துக்கு இந்தியாவில் குறைந்தது 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். ஆகவே உள்நாட்டில் பறந்த காலம் வீணாகாது.

ஒப்பந்தமும் ஒரு அமானிதம்

இந்தியாவில் 2017-ல் வந்த விதிப்படி, வேலையை விட்டு விலக துணை விமானி 6 மாதமும் கேப்டன் 1 ஆண்டும் முன்னறிவிப்பு தர வேண்டும். ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு குர்ஆன் (5:1) கட்டளையிடுகிறது. புதிய வேலை அவசரம் என்று பழைய வாக்குறுதியை முறிப்பது நமக்கு அழகல்ல.

அடுத்து, புதிய விமானத்துக்கான 'டைப் ரேட்டிங்' பயிற்சி. அதன் செலவு யாருடையது? நிறுவனம் ஏற்றால், பதிலுக்கு எத்தனை ஆண்டு பாண்டு? நாமே கட்டுவதென்றால் பெரும் தொகை. இந்த இடத்தில்தான் பல குடும்பங்கள் வட்டிக் கடனில் விழுந்துவிடுகின்றன. கையெழுத்திடும் முன்பே கணக்குப் பார்த்துவிட வேண்டும்.

சரக்குத் துறையும் ஏறி இறங்கும். 2020 மார்ச் 25 முதல் மே 25 வரை உள்நாட்டுப் பயணிகள் விமானங்கள் நின்றபோது சரக்கு விமானங்கள் பறந்தன. ஆனால் 2023-ல் சரக்கு குறைந்தபோது, அமெரிக்காவின் ஃபெடெக்ஸ் தன் விமானிகளிடம் ஒரு சிறிய பிராந்திய விமான நிறுவனத்துக்குப் போவதைப் பற்றி யோசிக்கச் சொன்னது.

உறக்கமும் உயிரும்

சரக்கு பெரும்பாலும் இரவில்தான் நகரும். அதிகாலை 2 முதல் 6 மணி வரை மனித உடல் மிகவும் சோர்ந்திருக்கும். அந்த நேரத்தில் பறந்துவிட்டு வரும் பிள்ளை பகலில் உறங்கியே ஆக வேண்டும். "லுஹர் வரைக்கும் தூக்கமா?" என்று உம்மா கேட்பதும், விருந்தாளிகளைப் பார்க்க எழுப்பிவிடுவதும் பாசத்தில்தான். ஆனால் அந்த உறக்கம் அவர் உயிரோடும் உடன் பறப்பவர் உயிரோடும் சம்பந்தப்பட்டது.

ஏற்றும் பொருளிலும் ஆபத்து உண்டு. 2010 செப்டம்பர் 3 அன்று துபாயிலிருந்து கிளம்பிய யுபிஎஸ் 747 சரக்கு விமானம் தீப்பிடித்து விழுந்ததில் இரு விமானிகளும் இறந்தனர். சரக்கில் லித்தியம் பேட்டரிகள் இருந்தன. அதனால்தான் ஆபத்தான பொருள்கள் எங்கே, எவ்வளவு இருக்கின்றன என்ற பட்டியல் புறப்படும் முன் கேப்டனிடம் தரப்படுகிறது. அதைக் கவனமாகப் படிக்க, தெளிந்த மனம் வேண்டும்.

தொழுகையும் நோன்பும்

பயணிக்குத் தொழுகையைச் சுருக்கவும் (4:101), விட்ட நோன்பை வேறு நாள்களில் நோற்கவும் (2:185) மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. இரு தொழுகைகளைச் சேர்த்துத் தொழுவதில் ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. வேலையில் சேரும் முன்பே ஊர் ஆலிமிடம் உட்கார்ந்து விளக்கம் பெறுவது நல்லது. பெருநாளன்று வீட்டில் இருக்க முடியாமல் போகலாம் என்பதை மனைவி மக்களும் அறிந்திருக்க வேண்டும்.

வாப்பா, உம்மா, மனைவி எல்லோரும் அமர்ந்து மஷூரா செய்யட்டும். பிள்ளை இஸ்திகாரா தொழட்டும். எத்தனை நாள் வெளியே, எத்தனை நாள் வீட்டில், எவ்வளவு கடன், எத்தனை ஆண்டு பாண்டு என்பதை ஒரு தாளில் எழுதிப் பார்த்து, அதன்பின் ராஜினாமாக் கடிதம் எழுதட்டும். நம் பிள்ளைகளின் ஹலாலான உழைப்பில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக, ஆமீன்.