ஆளுக்கோர் ஊசி!

கடமலைக்குண்டிலிருந்து தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போவதென்றால், கண்டமனூரைத் தாண்டிக் க.விலக்குக்கு வர வேண்டும். மலையடிவாரத்து உழைப்பாளிக்கு அன்றைய கூலி போயிற்று! சர்க்கரை பார்க்கும் மிஷின் வீட்டுக்கே வந்திருப்பதை ஆகவே நாம் வரவேற்கிறோம்.

அது வந்த கதையைத் தோழர்கள் அறிய வேண்டும். 1970-ஐ ஒட்டி அமெரிக்காவில் அந்தக் கருவியின் விலை ஏறத்தாழ 500 டாலர். அதையும் நோயாளிக்கு விற்க மாட்டோம், மருத்துவருக்கே விற்போம் என்றார்கள். ரிச்சர்டு பெர்ன்ஸ்டைன் என்ற பொறியாளர், தாமே நீரிழிவு நோயாளி, மருத்துவரான தம் மனைவியின் பெயரில் அதை வாங்கினார். மருத்துவர் மனைவி வாய்க்காதவன் என்ன செய்வான்?

இங்கோ, 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கினார். சோதனையும் மாத்திரையும் குடிசை வாசலுக்கு வந்தன. பெருமைப்படுகிறோம். பெருமையோடு ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

தெருவில் ஒருவர் மிஷின் வாங்கினால், அக்கம் பக்கமெல்லாம் அங்கே போய் விரலை நீட்டும். நல்ல மனந்தான். ஆனால் ஒரே ஊசியால் நாலு பேரைக் குத்தினால்? கண்ணுக்குத் தெரியாத துளி இரத்தம் போதும், மஞ்சள் காமாலைக் கிருமி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவிவிடும். 2003-04-இல் அமெரிக்காவில், மிசிசிப்பியிலும் வட கரோலினாவிலும் லாஸ் ஏஞ்சல்சிலும் முதியோர் காப்பகங்களில், சர்க்கரை பார்த்த இடத்திலேயே இந்தக் கிருமி பரவியது. பணக்கார நாட்டிலேயே இந்தக் கதி! ஊசியும், ஊசி பொருத்தும் பேனாவும் ஆளுக்கொன்றாகத்தான் இருக்க வேண்டும். கணவன் மனைவிக்கும் இதில் பங்கு கிடையாது.

திராட்சைத் தோட்டத்தில் வேலை முடித்து வந்த கையோடு விரலைக் குத்தாதீர்கள். விரலில் ஒட்டிய பழச்சாறும் சர்க்கரைதானே? மிஷின் இல்லாத சர்க்கரையைக் காட்டும். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள். மண்வெட்டி பிடிக்கும் கைக்கு அங்கேதான் வலி குறைவு. ஸ்டிரிப் டப்பாவை இறுக மூடி, வெயில் படாமல் வையுங்கள். தேதி கடந்ததைத் தொடாதீர்கள்.

எண்ணைப் பார்த்து மாத்திரையைத் தாமே கூட்டிக் குறைக்கும் 'வைத்தியர்கள்' நம்மிலும் உண்டு! வேண்டாம். எண்ணை நோட்டில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். 70-க்குக் கீழே போனால் மட்டும் காத்திருக்காதீர்கள். மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

குத்திய ஊசி எங்கே போகிறது? குப்பையில் போட்டால் நாளைக் காலை துப்புரவுத் தோழரின் கையில் ஏறும். அவர் விரல் விரல் இல்லையா? கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து மூடி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு ஒப்படையுங்கள்.

மிஷினை ஒருமுறை வாங்கினால் போதும். ஸ்டிரிப்பை வாங்கிக் கொண்டே இருக்க வேண்டும். ஊசி ஏன் கைமாறுகிறது? அறியாமை பாதி, காசில்லாமை பாதி. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு என்று 2023-இல் வெளியான மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு கூறியது. இன்சுலின் போடும் ஏழைக்கு மாத்திரையைப் போலவே ஸ்டிரிப்பும் ஊசியும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரும்படி கடமலைக்குண்டுத் தோழர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.