காற்றும் எண்ணெயும்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், ஆற்றங்கரை டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். தலைக்கு மேலே நத்தைகுத்தி நாரைகள் சிறகடிக்காமல் வட்டமிட்டன. “மாமா, இவ்ளோ பெரிய பறவை எப்படி விழாம நிக்குது? ஆழ்கடல்ல சுறா எப்படி அடியில போய்ச் சேராம இருக்கு?” என்றான் அக்கா மகன்.

இரண்டும் ஒரே கேள்விதான்டா. கனத்தைக் குறைப்பது எப்படி?

நாரை காற்றை வைத்துக் குறைக்கிறது. அதன் பெரிய எலும்புகள் பல மூங்கில்போல உள்ளே பொள்ளலானவை. நுரையீரலோடு சேர்ந்த காற்றுப்பைகள் அவற்றுக்குள்ளும் நீள்கின்றன. வெயிலில் மேலெழும் சூடான காற்றே அந்த உடலைத் தாங்கிவிடுகிறது.

ஆழ்கடலில் காற்று உதவாது. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 500 மீட்டர் ஆழத்தில் காலித் தண்ணீர் பாட்டில் நசுங்கிவிடும். அதில் எண்ணெயை நிரப்பி இறக்கினால் அப்படி நசுங்காது. ஆழ்கடலில் வாழும் கல்பர் சுறா செய்வது அதைத்தான். மற்ற பல மீன்களை மிதக்கவைக்கும் காற்றுப்பை சுறாவுக்குக் கிடையாது. எலும்புக்குப் பதில் குருத்தெலும்பு. உடல் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வரை ஈரல், அது நிறைய ஸ்குவாலீன் என்ற எண்ணெய். ஒரு லிட்டர் கடல்நீர் சுமார் 1,025 கிராம். ஒரு லிட்டர் ஸ்குவாலீன் சுமார் 860 கிராம்தான்.

காப்பாற்றும் அந்த எண்ணெயே அதற்கு எமனும் ஆனது. அழகுசாதனங்களுக்கும் மருந்துகளுக்கும் ஈரல் எண்ணெய் தேவைப்பட்டதால், குமரி மாவட்டத் தூத்தூர் மீனவர்களின் தூண்டில்கள் ஆழ்கடல் சுறாவைத் தேடிப் போயின. நாரை ஒரு பருவத்தில் இரண்டிலிருந்து ஐந்து முட்டை இடும். கல்பர் சுறாவோ ஏறத்தாழ இரண்டு ஆண்டு சுமந்து, பெரும்பாலும் ஒன்றிரண்டு குட்டிதான் போடும். பிடித்த வேகத்தில் அதனால் பெருக முடியாது.

இந்த நாரைகளுக்குப் பக்கத்திலேயே வேடந்தாங்கல் இருக்கிறது. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரம் என்று கண்ட ஊரார், 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கிழக்கிந்தியக் கம்பெனி கலெக்டரிடம் சொல்லிப் பறவைகளைச் சுடுவதைத் தடுத்தார்கள். சுறாவின் வீட்டருகே அப்படி ஓர் ஊர் இல்லை. அதற்காகப் பேச, பிடிப்பவரும் பூசுபவருமான நாம்தான் உண்டு. நல்லவேளை, அழகுசாதனத்துக்கு அதேவகை எண்ணெயைக் கரும்புச் சர்க்கரையை நொதிக்கவைத்தும் எடுக்கிறார்கள். நம் கழனியில் விளையும் அதே கரும்புதான்.