நம் பேச்சு, அடுத்தவர் பேச்சு

பாலக்கோட்டுத் தக்காளி வியாபாரத்தில் பாதி போனிலேயே முடிந்துவிடும். ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். விடியற்காலையில் மண்டிக்காரர் கூப்பிட்டு, "பெட்டி நானூறு போட்டுக்கலாங்க, ஏத்தி விடுங்க" என்கிறார். சாயங்காலம் பில்லில் 320 என்று இருக்கிறது. காலையில் பேசியது விவசாயியின் போனில் பதிவாகியிருக்கிறது. அதை எடுத்துக் காட்டலாமா, காட்டினால் நம் மேலேயே கேஸ் திரும்புமா? டீ ஆறுவதற்குள் நாம் இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் பார்க்க வேண்டியது, அந்தப் பேச்சில் நாம் இருந்தோமா என்பதை. நமக்கு வந்த கடிதத்தை எடுத்து வைத்துக்கொள்வது ஒன்று; பக்கத்து வீட்டுக் கடிதத்தைத் தபால்காரர் பையிலிருந்து உருவிப் படிப்பது வேறு. நாமே பேசியதை எதிராளியிடம் சொல்லாமல் பதிவு செய்தாலே குற்றம் என்று சொல்லும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. மற்ற இருவர் போனில் பேசுவதை இடைமறித்துக் கேட்டால், 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 42-ஆவது பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, 2 கோடி ரூபாய் வரை அபராதம். மனைவியின் போனில் அவருக்குத் தெரியாமல் உளவு ஆப் ஏற்றுகிறவருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் காத்திருக்கிறது. வீட்டுக்காரர் என்பதால் விலக்குக் கிடையாது.

இந்தப் பிரிவினை பழையது. 1964-இல் பம்பாயில் ஒரு நோயாளி அறுவை சிகிச்சைக்குப் பின் இறந்துபோனார். சந்தேக மரணங்களை விசாரிக்கும் கொரோனராக இருந்த ஆர்.எம். மல்கானி, மருத்துவருக்குச் சாதகமாக நடந்துகொள்ள லஞ்சம் கேட்டார். நடுவில் நின்று பேசிய இன்னொரு மருத்துவரின் சம்மதத்தோடு போலீஸ் அவர் போனில் டேப் ரெக்கார்டரைப் பொருத்தியது. பேசுகிற இருவரில் ஒருவர் சம்மதித்திருப்பதால் இது சட்டமீறல் ஆகாது என்று 1972-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கூடவே, முறைகேடாகக் கிடைத்த சான்றானாலும் வழக்குக்குப் பொருத்தமாக இருந்தால் ஏற்கலாம் என்றும் சொன்னது.

இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறோம். "கோர்ட்டே ஏத்துக்கிச்சு, அப்போ பதிவு பண்ணது சரிதானே?" என்கிறோம். பதிவை ஏற்கும்போது நீதிமன்றம் பார்ப்பது, உண்மையை அறிய அது உதவுமா என்பதைத்தான். எடுத்தவிதம் சரியா என்பது தனிக் கேள்வி. ஆகவே பதிவு சான்றாக ஏறலாம். எடுத்தவர் மேல் தனியாக வழக்கும் வரலாம். இரண்டும் ஒன்றையொன்று தடுப்பதில்லை.

குடும்ப வழக்குகளில் நீதிபதிகளே வேறு வேறு பக்கம் நின்றிருக்கிறார்கள். மனைவியின் போன் அழைப்பு விவரங்களை அவருக்குத் தெரியாமல் எடுத்து, பரமக்குடி நீதிமன்றத்தில் விவாகரத்து கேட்டார் ஒரு கணவர். தனியுரிமையை மீறிப் பெற்றது சான்றாகாது என்று 2024 அக்டோபரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தள்ளினார். வேறொரு வழக்கில், மனைவியோடு தான் பேசியதைக் கணவர் ரகசியமாகப் பதிவு செய்திருந்தார். அதை விவாகரத்து வழக்கில் ஏற்கலாம் என்று 2025 ஜூலை 14 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாடு முழுவதும் நிற்பது இந்தத் தீர்ப்புதான். ஆனாலும் மதுரைத் தீர்ப்பின் கவலை எனக்கு நியாயமாகவே படுகிறது. ரெக்கார்டர் ஓடுகிறதா என்று தெரியாத வீட்டில் யார்தான் மனம்விட்டுப் பேசுவார்கள்?

சரி, நம் தக்காளிக்காரர் என்ன செய்யலாம்? பதிவை மண்டிக்காரரிடமே போட்டுக் காட்டலாம், வக்கீலிடம் கொடுக்கலாம். ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் போட வேண்டாம். விலை பேசும் முன் மண்டிக்காரர் தம் அம்மாவின் வைத்தியச் செலவைப் பற்றிப் புலம்பியிருப்பார்; அது ஊர் கேட்பதற்காகச் சொன்னதில்லை. பதிவை வெட்டவும் கூடாது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுப்படி, மின்னணுச் சான்றோடு ஒரு சான்றிதழும் தர வேண்டும். அதில் ஹாஷ் என்று ஒரு நீண்ட எண் வரும். ஃபைலில் ஒரு நொடி குறைந்தாலும் அந்த எண் மாறிவிடும். கேஸ் முடியும்வரை அந்தப் பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட வேண்டாம்.