இழந்ததை மீட்டல்

திருப்பதி மாவட்டத்து நாகலாபுரத்தில் வேதநாராயணப் பெருமாள் மச்ச உருவில் எழுந்தருளியிருக்கிறார். விஜயநகர வேந்தர் கிருஷ்ணதேவராயர் தம் அன்னை நாகலாதேவியின் நினைவாக இக்கோயிலை எழுப்பினார் என்பது வழக்கு. சோமகாசுரன் வேதங்களைக் கவர்ந்து கடலில் ஒளித்தான் என்றும், திருமால் மீனாகி அவனை வென்று அவற்றைப் பிரமனிடம் சேர்ப்பித்தார் என்றும் தலபுராணம் கூறும். புதிய வேதம் ஒன்று இயற்றப்படவில்லை. இழந்த அதுவே திரும்பி வந்தது என்பதை நாம் கவனித்தல் வேண்டும். ஆண்டுதோறும் மார்ச்சு மாதத்தில் மூன்று நாள், மாலைக் கதிரவனின் ஒளி மூலவரின் திருவடி, நாபி, திருமுடி என முறையே படிகின்றது. கதிரவனும் தன் பழைய நிலைக்குத் திரும்புகின்றான்.

விண்சுடர்கள் சுற்றி முடித்துப் புறப்பட்ட நிலையை அடைவதைக் கிரேக்கர் 'அப்போகட்டாஸ்டசிஸ்' என்றனர். நோயுற்ற உடல் பழைய நலம் பெறுவதற்கும் அச்சொல்லே வழங்கியது. யூத, கிறிஸ்தவ சமயங்களில் இக்கருத்து எவ்வாறு வளர்ந்தது என்று இனிக் காண்போம்.

கி.மு. 586 அளவில் பாபிலோனியர் எருசலேம் ஆலயத்தை அழித்து, யூதரைச் சிறைகொண்டு சென்றனர். உலர்ந்த எலும்புகள் உயிர்பெற்றெழும் காட்சியை எசேக்கியேல் தீர்க்கதரிசி அவர்களுக்கு உரைத்தார். கி.மு. 538-இல் பாரசீக மன்னர் சைரஸ் அவர்கள் நாடு திரும்ப இசைந்தார். புதிய ஆலயத்துக்கு அடித்தளம் இட்ட நாளில் இளைஞர் ஆர்ப்பரித்தனர். பழைய ஆலயத்தைக் கண்டிருந்த முதியோரோ அழுதனர். இரு குரலையும் பிரித்தறிய இயலவில்லை என்று எஸ்றாவின் நூல் குறிக்கிறது. திரும்பக் கிடைத்தது முன்பிருந்ததேதானா என்ற வினா அன்றே எழுந்துவிட்டது. அந்த ஆலயமும் கி.பி. 70-இல் உரோமரால் அழிந்தது. எருசலேம் மீண்டும் எழவேண்டும் என்பது இன்றும் யூதரின் அன்றாட வேண்டுதலாகும்.

யூதர்க்கு மீட்சி என்பது முதன்மையாக ஒரு நாட்டுக்கும் மக்களுக்கும் உரியது. ஆதி கிறிஸ்தவரோ அதனைப் படைப்பு முழுமைக்கும் விரித்தனர். அப்போஸ்தலர் நடபடிகள் என்னும் நூலின் மூன்றாம் அதிகாரத்தில், பேதுருவின் பிரசங்கத்தில் அக்கிரேக்கச் சொல் வருகின்றது. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரிய அறிஞர் ஒரிஜென் அதனை மேலும் வளர்த்தார். இறைவன் மருத்துவர், தண்டனை மருந்து, ஆகவே இறுதியில் எவ்வுயிரும் இழக்கப்படாது என்று அவர் நம்பினார். நான்காம் நூற்றாண்டில் நிஸ்ஸா நகர கிரகோரியாரும் இவ்வழியே சிந்தித்தார். முடிவில் யாவரும் மீள்வர் எனில் நீதிக்கு என்ன பொருள் என்று பிறர் வினவினர். 543-இல் பேரரசர் ஜஸ்டினியன் ஒரிஜெனின் போதனையைக் கண்டித்தார்.

மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ள நாம் இச்சொல்லுக்கு நேரான தமிழ்ச்சொல்லைத் தேடும்பொழுது சற்றுத் தயங்குகிறோம். 'புதுப்பித்தல்' என்றால் பழமை விடுபடுகின்றது. 'திரும்புதல்' என்றால் பட்ட துன்பம் விடுபடுகின்றது. அடகுவைத்த நகையை மீட்கிறோம். அதற்கொரு விலையும் கொடுக்கிறோம். இழப்பு, விலை, மகிழ்ச்சி ஆகிய மூன்றும் 'மீட்டல்' என்னும் சொல்லில் அடங்கியுள்ளன. ஆகவே அதனையே கொள்கிறோம். அன்று எருசலேமில் அழுத முதியோரையும் ஆர்ப்பரித்த இளைஞரையும் ஒருங்கே தாங்கவல்ல சொல் அதுவே.